வெப்பப் புரதத்தைத் தேடி உடலை வருத்த வேண்டாம்

“நீராவிக் குளியல் எடுத்தால் வெப்ப அதிர்ச்சிப் புரதம் பெருகி நோய் குணமாகுமாமே, டாக்டர்?” புறநோயாளர் பிரிவில் இக்கேள்வியை அவ்வப்போது எதிர்கொள்கிறோம். கேட்பவர்களுள் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்களுடைய பிள்ளைகளும் உள்ளனர். எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவது கடமை என்று எண்ணுகிறோம்.

1962ஆம் ஆண்டில் இத்தாலிய அறிவியலாளர் ஃபெருச்சியோ ரிதோஸா, பழ ஈயின் செல்களைச் சற்று அதிக வெப்பத்தில் வைத்தபோது, குரோமோசோம்களில் சில இடங்கள் புடைத்தெழுவதைக் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பின் வழியே அறியப்பட்டவையே இப்புரதங்கள். வெப்பம் மட்டுமன்றி ஆக்சிஜன் குறைவு, நச்சுப்பொருள் முதலிய நெருக்கடிகளிலும் இவை பெருகுகின்றன. உடலின் புரதங்கள் உரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். நெருக்கடியில் அவை வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு நேராமல் தாங்கிப் பிடிப்பதே இவற்றின் பணி.

ஆயினும் இவற்றுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் இல்லை. புற்றுநோய்ச் செல்லும் நெருக்கடியில்தான் வாழ்கிறது. பிழைத்திருக்க அதுவும் இவற்றையே துணைக்கொள்கிறது. இவ்வகையைச் சேர்ந்த ‘ஹெச்.எஸ்.பி. 90’ என்னும் புரதத்தை முடக்கும் பிமிடெஸ்பிப் என்ற மருந்துக்கு, இரைப்பை, குடல் பகுதிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டிக்காக, ஜப்பான் 2022இல் ஒப்புதல் அளித்தது. பெருக்க வேண்டும் என்று சிலர் விரும்புவதை மருத்துவம் அங்கே முடக்க முனைகிறது. ஆகவே, ‘அதிகமானால் நல்லது’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

தீங்கு வேறு வழிகளிலும் வரும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு வெந்நீர் சுடுவதே தெரியாது. புண்ணான பிறகே தெரியும். இதய நோயாளிக்கும் நீர்ச்சத்து குறைந்தவருக்கும் மிகுந்த வெப்பத்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். கீமோதெரபி பெறுவோருக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், அது உடல் தன்னைத் தேற்றிக்கொள்ளும் அறிகுறி என்று வீட்டில் காத்திருக்கலாகாது. நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

களைப்புத் தீர இதமான வெந்நீரில் குளிப்பதை நாங்கள் தடுக்கவில்லை. அதை மருந்தாக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். இப்புரதங்களை வேண்டும்போது வேண்டிய அளவில் உண்டாக்கிக்கொள்ள உடலுக்குத் தெரியும். கேள்விப்பட்ட எதையும் செய்து பார்ப்பதற்கு முன் எங்களிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்பதை நாங்கள் ஒருபோதும் தொந்தரவாகக் கருதுவதில்லை.