திருகோணமலைக்கு 30 பைட்டா, 33 பைட்டா?

தரவுத்தளத்திலிருந்து ஒருமுறை எடுத்த விடையை அடுத்து கேட்பவருக்கு உடனே கொடுப்பதற்காக நினைவகத்திலேயே வைத்திருப்பது கேஷ். 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டும், 2009இல் சால்வடோர் சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸும் இதில் பேர்போனவை. இரண்டிலும் ஒவ்வொரு தரவும் ஒரு கீயின் பெயரில் கிடக்கும்.

கேஷைப் பயன்படுத்தும் இணையதளத்தில் கோளாறு என்றதும் பலர் கேஷ் முழுவதையும் துடைத்துவிடுகிறார்கள். தளம் சற்று நேரம் சரியாகிவிடும். காரணத்தைக் காட்டியிருக்கக்கூடிய தடயமும் போய்விடும். துடைக்குமுன் எண்களைப் பார்ப்பதே முறை. ரெடிஸின் இன்ஃபோ கட்டளை, கேட்டது கிடைத்த தடவைகளையும் கிடைக்காத தடவைகளையும் தரும். ஆயுள் முடிந்தவை எத்தனை, இடம் போதாமல் வெளியேற்றப்பட்டவை எத்தனை என்றும் சொல்லும். வெளியேற்றம் ஏறினால் நினைவகம் போதவில்லை. ஆயுள் முடிந்தவையும் வெளியேற்றப்பட்டவையும் ஏறாமல் கிடைக்காதவை மட்டும் ஏறினால் கீயின் பெயரைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளிருப்பதைப் பார்க்க கீஸ் கட்டளையை ஓடும் சர்வரில் போடவே கூடாது. எல்லாக் கீயையும் அது எண்ணி முடிக்கும்வரை மற்ற வேலைகள் நின்றுவிடும். ஸ்கேன் சிறிது சிறிதாகத் தரும். பிறகு, மிச்ச ஆயுளைக் காட்டும் டிடிஎல் கட்டளை: -1 வந்தால் அந்தக் கீக்கு ஆயுளே குறிக்கப்படவில்லை, -2 வந்தால் கீயே இல்லை. மெம்கேஷ்டில் ஆயுளை 30 நாளுக்கு மேற்பட்ட விநாடிகளாகக் கொடுத்தால், அது 1970களின் ஒரு தேதியாக எடுத்துக்கொள்ளப்பட்டு, தரவு வைத்த கையோடு காலாவதியாகும்.

தமிழ்ப் பெயர்களைக் கீயாக வைக்கும் தளங்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ‘திருகோணமலை’ யூனிகோடில் 10 குறிகள், யுடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஆனால் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் 33 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. கேஷுக்கு இரண்டும் வேறு. பாமினி எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்படுவதால், அதை யூனிகோடுக்கு மாற்றும் கவனமில்லாத மென்பொருள் அவற்றைச் சேர்க்காமலே விட்டுவிடும். புல்மோட்டை, தோப்பூர், கொட்டியாரம் என்பனவும் இதில் சிக்கும்; மூதூர், கிண்ணியா சிக்கா. உதாரணமாக, ஊர்ப் பெயரைக் கீயாகக் கொண்ட கடல் எச்சரிக்கை ஒரு வடிவத்தில் புதுப்பிக்கப்பட்டு, இன்னொரு வடிவத்தில் வாசிக்கப்பட்டால், கடற்றொழிலாளர் முன் நிற்பது நேற்றைய வானிலை. இதைச் சின்னப் பிழையென்று ஒதுக்க முடியாது.

ரெடிஸின் முனையத்தில் தமிழ்க் கீகள் பதினாறடிமான எண்களாகத் தெரியும். வாசிக்க வசதியென்று ‘ரா’ தெரிவைப் போட்டால் தமிழ் தெரியும், வேறுபாடு மறைந்துவிடும். தேடும்போது எண்களாகவே பார்ப்பது நல்லது. கீயை உருவாக்குமுன், எழுதும் இடத்திலும் வாசிக்கும் இடத்திலும், பெயரைப் பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் பிளவு நிற்கும். ஏற்கெனவே பிரிந்து கிடப்பவற்றில் ஆயுள் குறித்தவை தாமாகப் போய்விடும். -1 காட்டுபவற்றைத் தேடிப்பிடித்து நீக்க வேண்டும்.