வீட்டிற்கு வந்த நூலகம்



சிங்கப்பெருமாள் கோவிலில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. மூத்த மகன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவன். நெடுநாள் இருமலுக்குப்பின், அவனுக்குக் காசநோய் எனத் தெரிந்தது. மருத்துவர் ஆறு மாத மருந்து தந்தார். வீட்டிலோ இரு கலக்கங்கள். "பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டோமே, இந்நோய் எப்படி வரும்? பரிசோதனைதான் தவறோ?" என்றார் தந்தை. "கைக்குழந்தை உள்ள வீடு, அவனை எங்கேனும் அனுப்பிவிடுங்கள்" என்றனர் உறவினர். மூன்று நாட்கள் மாத்திரை தொடப்படாமல் கிடந்தது.

கல்லூரியில் பயிலும் தங்கை கைப்பேசியில் 'பப்மெட்' என்னும் ஆய்வுத் தொகுப்பைத் திறந்தாள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997-இல் இதனை உலகோர் அனைவருக்கும் இலவசமாக்கியது. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்கள் இதில் உள்ளன. நோயின் பெயர், ஊசியின் பெயர், 'தென்னிந்தியா' என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடினாள்.

கிடைத்ததோ சொந்த மண்ணின் செய்தி! அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. ஊசி சோதிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கண்காணித்த முடிவு 1999-இல் வெளியாயிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை. சிறுவர்க்குக் கிட்டிய பாதுகாப்பும் குறைவே. குழந்தைகளைத் தாக்கும் கடுங்காசத்தைத் தடுக்கவே இன்றும் அது போடப்படுகிறது. ஆகவே, ஊசி போட்டவனுக்கு நோய் வந்ததில் வியப்பில்லை. பரிசோதனையை ஐயுறவும் அது காரணமாகாது.

மற்றொன்றையும் அவள் கண்டாள். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளுள் ஒரு சாரார் மருத்துவ விடுதியிலும், மறு சாரார் வறிய தம் வீடுகளிலும் மருந்துண்டனர். வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அவ்வளவே நலமுற்றனர். அவர்களால் குடும்பத்தாருக்குத் தனிப்பட்ட அபாயம் மிகவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னரே நேர்ந்திருந்தது. 1959-இல் வெளியான அக்கட்டுரை, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

தங்கை இவற்றை மருத்துவரிடம் காட்டினாள். "உண்மைதான். ஆனால் இன்றே மருந்தைத் தொடங்க வேண்டும்; காற்றோட்டமான அறையில், வாயை மூடி இருமட்டும். குழந்தையை அழைத்து வாருங்கள், தடுப்பு மருந்து தருவோம்" என்றார் அவர். அன்றிரவே தந்தை தம் கையால் மகனுக்கு மாத்திரை கொடுத்தார்.

நீங்களும் தேடலாம், ஆனால் சில நெறிகள் வேண்டும். கட்டுரை வெளியான ஆண்டைப் பாருங்கள். சுருக்கத்தின் இறுதியிலுள்ள முடிவுரையைக் கருத்தூன்றிப் படியுங்கள். முழுக்கட்டுரை எல்லாவற்றிற்கும் இலவசமாய்க் கிட்டாது. கிட்டுமிடத்தில் அதற்குரிய குறிப்பு இருக்கும். எலியிடம் செய்த சோதனையை மனிதர்க்கு ஏற்றிவிடாதீர்கள். ஒரு கட்டுரை ஒரு சாட்சியே, தீர்ப்பாகாது. ஆங்கிலம் அறியாத பெற்றோர், பயிலும் பிள்ளையை அருகிலமர்த்திக் கேளுங்கள்.

தேடிக் கண்டதை மருத்துவரிடம் கேள்வியாகக் கொண்டு செல்லுங்கள். அவருக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். அண்டை வீட்டார் அச்சத்தால் சொல்வதைக் கேட்டு ஒரு பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புமுன், நம் மண்ணின் மக்களே பங்குகொண்டு தந்த அறிவை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நம் கடமையன்றோ?