பறையறைவோனும் காணி அறிவித்தலும்

மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரில் 28 நாள் நிகழவிருக்கும் இந்திரவிழாவை அறிவிப்பவன், முரசினை யானைப் பிடரில் ஏற்றி வீதிவலம் வருகிறான். அவன் கூறுவது நாளுங் கிழமையும் மாத்திரமன்று. நகரை வாழ்த்துகிறான், மழையை வேண்டுகிறான், தெருக்களிற் புதுமணல் பரப்புமின் என்கிறான், பகைவரிடத்துஞ் சினங் கொள்ளாது விழாநாள்களைக் கழிக்குமாறு பணிக்கிறான். அவனைத் தொன்மை வாய்ந்த குடியிற் பிறந்தவன் என்றே சாத்தனார் நமக்கு அறிமுகஞ் செய்கிறார். இது கருதத்தக்கது.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வந்த பறையறைவோனுக்கு யானையுமில்லை, அம் மதிப்புமில்லை. ஆயினும் அவன் செய்த தொழில் அதுவே. நம் ஊர்களின் அமைப்பை நோக்குவார்க்கு அவன் இன்றியமையாமை புலப்படும். இருமருங்கும் கிடுகுவேலி, வளவுக்குள் வளவு. எழுதி ஒட்டிய கடதாசி சந்திக்கு வருவோர் கண்ணிற்படும். அவருள்ளும் எழுத்தறிந்தார்க்கே பயன்படும். பறையொலியோ வேலியைக் கடக்கும். அடுக்களையில் இருந்த பெண்ணும், திண்ணையை விட்டு எழமாட்டாத முதியவரும், பள்ளி வாசலை மிதியாதவனும் ஒருங்கே கேட்டனர். கேட்டிலேன் என்று பின்னர் ஒருவன் சொல்வதும் எளிதன்று; அறிவித்தேன் என்று அதிகாரி பொய் சொல்வதும் எளிதன்று. ஊர் முழுவதுஞ் சாட்சி.

இதனை உணர்ந்தே சட்டமும் அவனைத் துணைக்கொண்டது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, கைப்பற்றப்படும் ஆதனத்தைப் பற்றிப் பறையறைந்து அறிவிக்கும் முறையைக் கூறுகிறது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டமும் அம்முறையைக் கைவிடவில்லை. ஒருவன் காணி பங்கிடப்படுமுன் அக்காணியிலேயே ஒலி எழவேண்டும் என்பது நல்ல நியதி.

இனி, பழமையைப் போற்றுவோர் பேசாது விடும் பகுதியையும் பேசவேண்டும். அரசின் ஆணையையும் நீதிமன்றின் கட்டளையையும் ஊர்க்கெல்லாம் எடுத்துரைத்தவனை அவ்வூர் தன் கோயில் வாயிலில் நிறுத்தி வைத்தது. அவன் குரல் எவ்வீட்டினுள்ளும் நுழைந்தது. அவன் நுழைய முடியவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் வாயில் திறக்கப் போராட வேண்டியிருந்தது. பறை தன் குடிக்கு இழிவின் அடையாளமாக்கப்பட்டதைக் கண்டு அதனைக் கீழே வைத்தவர் நியாயமே செய்தனர். அத்தொழில் மறைந்ததே என்று இரங்குவோர், பிறப்பினாற் சுமத்தப்பட்ட ஊழியம் மீளவேண்டும் என்கின்றனரா? நான் அவ்வாறு இரங்கேன்.

ஆனால், தொழிலாளி விடுதலை பெற்றமை அரசின் கடமைக்கும் விடுதலை ஆகாது. 2025 மார்ச் 28ஆந் தேதிய வர்த்தமானியில், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வரவேண்டும் என்றும், வாராவிடில் அவை அரசுக் காணியாகும் என்றும் அறிவிக்கப்பட்டது. போரினால் உறுதிகளை இழந்தவர் எத்துணையர்! கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் குடும்பங்களுள் வர்த்தமானியைப் புரட்டுவோர் யாவர்? எதிர்ப்பு எழுந்தமையால் அரசு அதனை மீளப்பெற இணங்கியது. எதிர்ப்போர் கண்ணில் அது படாதிருந்தால் மூன்று மாதம் ஓசையின்றிக் கழிந்திருக்கும்.

மரண அறிவித்தலுக்கும் மலிவு விற்பனைக்கும் ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோ இன்றும் நம் ஒழுங்கைகளில் வருகிறது. அதனை ஓட்டுபவன் எக்குடியினன் என்று எவருங் கேட்பதில்லை. பேசிய கூலி அவனுக்குக் கிடைக்கிறது. காணி பற்றிய ஒவ்வோர் அறிவித்தலையும் அவ்வாறே, கிராம அலுவலர் பிரிவுதோறும், அரசுச் செலவில், தமிழில் மும்முறை கூறுவித்த பின்னரே கால எல்லை தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. நம் கல்லூரி ஈன்ற நியாயவாதிகள் பலர். இவ்விதியின் வாசகத்தை வரைந்து தருவது அவர்க்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை.