வெள்ளைக் கொக்கட்டீலும் மணமகள் விளம்பரமும்

சென்ற வருடம் பெரியகல்லாற்றில் என் தங்கையின் வீட்டில் ஒரு பறவை இறந்தது. நாளாந்தம் எத்தனையோ துயரங்களைச் செய்தியாக்கிய ஒருவன் ஒரு பறவையின் சாவுக்கா பத்தி எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சாவில் எனக்கும் பங்கிருப்பதால் எழுதுகிறேன்.

தங்கையின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கொக்கட்டீல் வேண்டுமென்று கேட்ட அவளை அயல் நகரொன்றிலிருந்த கடைக்கு அழைத்துச் சென்றவன் நான். சாம்பல் நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டில் இருந்தன. வெள்ளையும் இளமஞ்சளுமான குஞ்சுகள் வேறொரு கூட்டில், கூடிய விலையில் இருந்தன. "மாமா, வெள்ளைதான் வடிவு" என்றாள் மருமகள். "இரண்டு மாதக் குஞ்சு சேர், நிச்சயமான சோடி" என்றார் கடைக்காரர். இரண்டு வெள்ளைக் குஞ்சுகளை வாங்கினோம். ஒன்றரை வருடத்தின் பின்னர் இரண்டுமே முட்டையிட்டன. அவற்றில் ஒன்று வெளிவராத முட்டையுடன் ஒரு விடியற்காலையில் இறந்து கிடந்தது.

நான் நூல்களைப் புரட்டியது அதற்குப் பிறகுதான். வாங்குவதற்கு முன்னர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதிகளுக்குரிய பறவை. கொக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது இதுவே. இயற்கையில் அதன் நிறம் சாம்பல். சிறகில் வெள்ளைப் பட்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. மற்றைய நிறங்கள் யாவும் கூட்டில் வளர்ந்த பறவைகளில் தற்செயலாகத் தோன்றி, பின்னர் மனிதர் தேர்ந்து பெருக்கியவை. நாம் வெள்ளை என்று வாங்குவது லுட்டினோ. கரிய நிறமி இல்லாமற் போனதால் வந்த நிறம் அது. அந்நிறத்துக்காகவே நெருங்கிய உறவுப் பறவைகளை மீண்டும் மீண்டும் சேர்த்ததன் தழும்பைப் பல லுட்டினோக்களின் கொண்டைக்குப் பின்னால் வழுக்கையாகக் காணலாம்.

இனிப் பாலுக்கு வருவோம். முதல் இறகுதிர்ப்பு வரை சாம்பல் குஞ்சுகள் யாவும் பெட்டையைப் போலவே தோன்றும். ஆறு மாதமளவில் தொடங்கும் அந்த உதிர்ப்பின்போதே சேவலின் முகம் பளிச்சென்ற மஞ்சளாக மாறும். பெட்டையின் முகம் மங்கலாகவே இருக்கும். வாலின் அடிப்புறத்து வரிகளும் மறையா. முத்துமுத்தாகப் புள்ளியிட்ட வகையில் சேவல் வளர்ந்ததும் தன் புள்ளிகளை இழந்துவிடும். புள்ளியின் அழகுக்காகக் கூடிய விலை கொடுத்தவர் ஏமாறுவது இங்கேதான். வெள்ளையும் சாம்பலும் திட்டுத்திட்டாகக் கலந்த வகையில் வளர்ந்த பின்னரும் தோற்றத்தைக் கொண்டு பால் சொல்வது கடினம்.

குஞ்சிலேயே பாலை அறிய வழியே இல்லையா? உண்டு. லுட்டினோ நிறம் பாலுடன் பிணைந்து கடத்தப்படுவது. தந்தை லுட்டினோவாகவும் தாய் சாம்பலாகவும் இருந்தால், வெள்ளைக் குஞ்சுகள் அனைத்தும் பெட்டை, சாம்பல் குஞ்சுகள் அனைத்தும் சேவல். ஆனால் பெற்றோரை அறிந்தவருக்கே இந்தக் கணக்கு உதவும். இறகை அனுப்பி மரபணுச் சோதனை செய்வது இன்னொரு வழி. இவையிரண்டும் இன்றி இரண்டு மாதக் குஞ்சுகளை "நிச்சயமான சோடி" என்று விற்பது வெறும் ஊகம்.

அந்த ஊகத்தின் விலையைப் பறவைதான் செலுத்துகிறது. சேவல் சீழ்க்கையடிக்கும், மெட்டுப் பழகும். பெட்டை பெரும்பாலும் அமைதியானது. ஆனால் சேவல் இல்லாமலும் அது முட்டையிடும். தானியத்தை மட்டுமே தின்று, கல்சியம் குறைந்த உடலோடு அடுத்தடுத்து முட்டையிடும் பெட்டைக்கு முட்டை அடைத்து உயிராபத்து நேரலாம். பெட்டை என்று தெரிந்திருந்தால் நாங்கள் கணவாய் ஓடு வைத்திருப்போம், கீரை கொடுத்திருப்போம், கூட்டுப் பெட்டியை அகற்றியிருப்போம். கடற்கரை ஊரில் கணவாய் ஓட்டுக்கா பஞ்சம்? நாங்கள் நிறத்தைப் பார்த்தோம், பறவையைப் பார்க்கவில்லை.

பத்திரிகைக்குள் நுழைந்த புதிதில் ஞாயிறு மணமகள் தேவை விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். படிப்பு, தொழில், குணம் எல்லாவற்றுக்கும் முன்னால் "சிவந்த நிறம்" என்ற இரு சொற்கள் நிற்கும். மாநிறம் என்று எழுத நேர்ந்த வீட்டார் அதற்கு ஈடாகச் சீதனத்தைக் குறிப்பிடுவர். பிழை திருத்துவது என் வேலை. அந்தப் பிழையை மட்டும் நான் திருத்தவில்லை. இன்று அதே கண்ணோடு கூட்டின் முன்னால் நிற்கும் ஒரு சிறுமிக்கு வெள்ளைதான் வடிவென்று கற்றுக் கொடுத்தவர்கள் நாங்களே. அவளுடைய நிறம் சாம்பல் பறவையின் பக்கம் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எனவே, பறவை வாங்க எண்ணும் பெற்றோருக்கு என் கருத்து இது. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். பால் முக்கியமென்றால் முதல் இறகுதிர்ப்பு முடிந்த பறவையை வாங்குங்கள். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணமில்லாதவர் சோடி தேட வேண்டியதில்லை. ஆனால் இது கூட்டமாக வாழும் பறவை. தனியே வளர்த்தால் நாள்தோறும் நீங்கள்தான் அதற்குத் துணை. நன்கு பேணினால் பதினைந்து, இருபது வருடம் வாழும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிப்புக்கோ திருமணத்துக்கோ வீட்டைவிட்டுப் போன பின்னரும் அது கூட்டில் இருக்கும். அப்போது யார் பார்ப்பது என்பதை வாங்கும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எஞ்சிய வெள்ளைப் பெட்டை தனித்துப்போய்ச் சோர்ந்திருந்தது. சென்ற மாதம் அதற்குத் துணை தேடி, களுவாஞ்சிக்குடியில் பறவை வளர்க்கும் ஒருவரிடம் போனோம். இம்முறை மருமகள் நிறம் கேட்கவில்லை. "இது சேவலா பெட்டையா, என்ன சாப்பிடும், தாய் தகப்பன் எது?" என்று கேட்டாள். ஒரு வயது கடந்த சாம்பல் பெட்டையொன்றைத் தெரிந்தெடுத்தாள். அவர் சொன்ன விலை வெள்ளையின் விலையில் பாதி.

வீடு திரும்பும் வழியில் கடற்கரையில் இறங்கிக் கணவாய் ஓடு பொறுக்கினோம்.