குழந்தையோட கிட்னி ஸ்கேன்: போனஸுக்காக தேதியைத் தள்ளாதீங்க

உத்திரமேரூர் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரகடம் கம்பெனிக்கு ஷிஃப்ட் போய்வர்ற ஒரு தம்பி போன வாரம் கேட்டார். வயித்துல இருக்கும்போதே குழந்தைக்கு ஒரு பக்கக் கிட்னி வீக்கம்னு ஸ்கேன்ல வந்திருக்கு. இப்போ பிள்ளை பிறந்தாச்சு. "சார், போனஸ் வந்ததும் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கலாமா?"

என் பதில்: தள்ளாதீங்க.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வீக்கம் தானா சரியாகிடும். சிலருக்கு மட்டும் சிறுநீர்ப் பாதையில அடைப்போ, சிறுநீர் கிட்னிக்கே திரும்பி ஏறுற பிரச்சினையோ இருக்கும். வெளியே ஒண்ணும் தெரியாமலே கிட்னி பாதிக்கப்படலாம். எது எந்த வகைன்னு பார்த்துச் சொல்றதுதான் ஸ்பெஷலிஸ்ட் வேலை. பிறந்த முதல் இரண்டு நாள் சிறுநீர் குறைவா இருக்கிறதால வீக்கம் ஸ்கேன்ல சின்னதாத் தெரியலாம். அதனாலதான் முதல் ஸ்கேன் நார்மல்னாலும் 4–6 வாரத்துல இன்னொண்ணு எடுக்கச் சொல்றாங்க. ஆண் குழந்தைக்கு இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தா, பிறந்த உடனே காட்டணும்.

பெரிய டாக்டர்னா பெரிய பில்தான்னு இல்லை. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவு இருக்கு. செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து மின்சார ரயில்ல எழும்பூர்.

இனி பேப்பர் வேலை. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிச்சா, குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. குழந்தை பெயரை உடனே சேர்த்துடுங்க. அதுக்கு மேலன்னா கம்பெனியோட குரூப் பாலிசியைப் பாருங்க. புதுக் குழந்தையைச் சேர்க்க பல கம்பெனிகள்ல 30 நாள் மாதிரி ஒரு கெடு வச்சிருப்பாங்க. அதை விட்டா அடுத்த ரினியூவல் வரை காத்திருக்க வேண்டி வரலாம். பிறவிக் குறைபாட்டுக்கு கவர் இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்லயே கேளுங்க. இப்போ புதுசா தனி பாலிசி எடுக்கிறீங்கன்னா, ஸ்கேன் ரிப்போர்ட்டை மறைக்காதீங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரை வெயிட்டிங் பீரியட் போடலாம்; மறைச்சது தெரிஞ்சா கிளெய்மே போயிடும்.

எமர்ஜென்சி ஃபண்டைத் தொட மனசு வராதவங்க நிறைய பேர். இந்த மாதிரி நாளுக்குத்தானே அதைச் சேர்த்தீங்க? தேவைப்பட்டா எஸ்ஐபியை இரண்டு மாசம் நிறுத்துங்க, அப்புறம் தொடரலாம். கெட்டுப்போன கிட்னியை அப்படி மீட்க முடியாது.

இன்னைக்கே செய்ய வேண்டியது இரண்டு: அடுத்த ஸ்கேன் தேதியை போன்ல அலாரமா வைங்க, ஹெச்ஆருக்கு அந்த மெயிலை அனுப்புங்க.