உழைப்பாளியின் குழந்தைக்கும் நல்ல டெலிவிஷன் வேண்டும்!

டெலிவிஷன் பெட்டி குழந்தைகளைக் கெடுக்கிறது என்று படித்த கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். பெட்டி தானாக யாரையும் கெடுப்பதில்லை. அதற்குள்ளிருந்து பேசுகிறவன் யார், எதற்காகப் பேசுகிறான் என்பதே கேள்வி. சரக்கு விற்கப் பேசுகிறவனுக்குக் குழந்தை ஒரு வாடிக்கைக்காரன். பொதுப் பணத்தில் நடக்கும் டெலிவிஷனுக்கோ அது நாளைய பிரஜை. அப்படி நினைத்து நடத்துகிறார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நல்ல நிகழ்ச்சி கொடுத்தால் ஏழைக் குழந்தை கற்றுக்கொள்ளுமா? கற்றுக்கொள்ளும். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் மூலம் ஆந்திரா, பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். ஊருக்கு ஒரு பொதுப் பெட்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி நிகழ்ச்சி. பார்த்த பிள்ளைகளிடம் மொழித் திறனும், பாடப் புத்தகத்துக்கு வெளியே விஷயங்களை அறியும் ஆவலும் வளர்ந்ததை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

முதலாளித்துவக் கோட்டையான அமெரிக்காவிலிருந்தும் ஒரு பாடம் கற்கலாம். 1969ல் அங்கே பொது டெலிவிஷனில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற நிகழ்ச்சி, ஏழைக் குழந்தைகளை மனதில் கொண்டு துவங்கியது. எட்வர்ட் பாமர் என்ற ஆராய்ச்சியாளர், குழந்தைகளுக்கு முன்னால் டெலிவிஷன் பெட்டியையும், அதன் அருகே இன்னொரு திரையையும் வைத்தார். அந்தத் திரையில் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எந்த நிமிஷத்தில் பெட்டியை விட்டுத் திரும்புகிறது என்று குறித்தார். கண் திரும்பிய இடத்தில் நிகழ்ச்சி தோற்றது. அங்கே குழந்தைதான் நீதிபதி!

நம் ஜில்லாவுக்கு வருவோம். 2006ல் பதவிக்கு வந்த தி.மு.க. சர்க்கார் வீடுகளுக்கு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. 2019 ஆகஸ்டு 26ல் அ.தி.மு.க. சர்க்கார் கல்வித் தொலைக்காட்சியைத் துவக்கியது. 2020ல் கொரோனாவால் பள்ளிகள் பூட்டப்பட்டபோது பாடங்கள் அதன் வழியே வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் பெட்டியும் பாடமும் வந்துவிட்டால் போதுமா?

சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலாளி வீட்டை எண்ணிப் பாருங்கள். தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூத்த பெண் தம்பியைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். திண்ணையில் காகிதக் குழாய் உருட்டும் வேலையும் குவிந்து கிடந்தால் அவள் கண் பாடத்தில் நிற்குமா? சந்தேகம் வந்தால் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் உண்டா? குழந்தை தூங்கிவிட்டால் சோம்பேறி என்கிறார்கள். சோம்பலல்ல, அது தீர்ப்பு!

தீக்குச்சி அடுக்கிய பிஞ்சுக் கைகளுக்குப் புத்தகம் சும்மா வந்துவிடவில்லை. 1986ல் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ல் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி அபாயத் தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஆனால் 2016ல் திருத்திய சட்டம், பள்ளி நேரம் போகக் 'குடும்பத் தொழிலில் உதவி' என்று ஓர் ஓட்டையை விட்டுவைத்தது. குழந்தையின் மாலை நேரம் அந்த ஓட்டை வழியாகத்தான் களவு போகிறது.

ஆகவே நாம் கோருவது இது. ஊர்தோறும் பள்ளியிலோ நூலகத்திலோ மாலையில் பொதுப் பெட்டி வைக்க வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து விளக்கிச் சொல்ல, சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். 2021ல் துவங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்களே, அது சம்பளமாகாது. நிகழ்ச்சி தயாரிக்கிறவர்கள் சென்னையை விட்டு வந்து, நம் பிள்ளைகள் நடுவே அமர்ந்து அவர்கள் கண்களைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் கையை எதிர்பார்க்காமல் குடும்பம் நடத்தும் அளவுக்குத் தாய் தகப்பனுக்குக் கூலி வேண்டும்.

பட்டாசுத் தொழிலாளர்களே, பஞ்சாலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! அடுத்த கிராம சபையில் இதை எழுப்புங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். கூலிக்காக உயரும் கை, குழந்தையின் மாலை நேரத்துக்காகவும் உயரட்டும்!