அடுக்களையும் அலுவலகமும்

காலை வேளையில் கலேவெலை நகரில், குருநாகலுக்கும் தம்புள்ளைக்கும் செல்லும் பஸ்களை எதிர்நோக்கி நிற்போரைக் கவனியுங்கள். ஆசிரியைகள், தாதியர், வங்கி ஊழியர், எழுதுவினைஞர் எனப் பெண்கள் பலர் அங்கே இருப்பர். பஸ் ஏறுமுன்னரே அவர்களுட் பெரும்பாலார் ஒரு வேலையை முடித்து வந்தவர்கள். சமையல், பிள்ளைகளின் சோற்றுப் பொதி, முதியோருக்கு மருந்து. மாலையில் வீடு திரும்புவதும் ஓய்வுக்கன்று, மற்றொரு வேலைக்கே.

பெண்கள் உத்தியோகம் பார்க்கப் புறப்பட்டதனால் குடும்பப் பண்பு குலைகின்றது எனக் கவலைப்படும் பெரியோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நமது மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு வேலைக்குச் சென்று வந்திருக்கின்றனர். அதனைப் பண்புக் கேடு என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் தோட்டப் பெண்களுக்குக் கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேதான். ஆகவே, பெண் உழைப்பது புதுமையன்று. உழைப்புக்குரிய மதிப்பை அவள் கேட்பதே புதுமை.

அம்மதிப்பு வெளியுலகில் சிறிது சிறிதாகக் கிட்டி வருகின்றது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 84 நாள் விடுமுறை என்பது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வந்தது. அரச ஊழியராகிய தந்தைக்கு வழங்கப்பட்டு வந்ததோ 3 நாட்களே! உடல் தேற வேண்டிய தாய்க்கு நீண்ட ஓய்வு நியாயமே. ஆனால் அந்த 3 நாள், பிள்ளை வளர்ப்பில் தந்தைக்குப் பங்கில்லை என்னும் நமது பழைய எண்ணத்தின் அளவுகோலன்றோ?

வீட்டினுள் மாற்றம் இன்னும் மெதுவாகவே நிகழ்கின்றது. 2017ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வும், வீட்டுப் பணியின் பெருஞ்சுமை பெண்கள் மீதே விழுவதைக் காட்டியது. உத்தியோகப் பெண்ணுக்குத் துணை நிற்பவரும் பெரும்பாலும் மற்றொரு பெண்ணே. தாயோ மாமியாரோ தமது முதுமையின் ஓய்வைத் துறந்து பேரப்பிள்ளையைப் பார்க்கின்றனர்.

முதியோரைப் பேணுதல், விருந்தோம்பல், பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் ஊட்டல் ஆகியன காக்கத்தக்க விழுமியங்களே. அவற்றைக் காக்கும் பொறுப்பை ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றுவது விழுமியமன்று, வழக்கம். விழுமியத்தைப் போற்றலாம், வழக்கத்தை மாற்றலாம்.

பெற்றோர்களே, மகளுக்குக் கணிதம் கற்பிக்கும் அதே அக்கறையுடன் மகனுக்குச் சோறு சமைக்கவும் கற்பியுங்கள். மாணவர்களே, உண்ட கோப்பையை நீங்களே கழுவுங்கள். இல்லறம் இருவர் நடத்தும் அறம் என்பதை அங்கிருந்தே கற்கத் தொடங்கலாம்.